லில்லி மலரும் வீட்டுப் பூனையும்

சீன தேசத்திலும் ஜப்பானிலும் சிலவகை லில்லிச் செடிகளின் கிழங்கை மக்கள் காய்கறிபோலச் சமைத்து உண்கிறார்கள். லில்லியைப் போன்றே தோற்றமளிக்கும் டே லில்லி என்னும் செடியின் மொட்டுகளை உலர்த்திச் சேமித்து வைத்துக் குழம்பிலும் சூப்பிலும் இடுவது சீனச் சமையலில் நெடுநாளாக நிலைத்துவிட்ட வழக்கம். அதே செடிகளின் இலையில் ஒன்றிரண்டைக் கடித்து விழுங்கிய பூனையோ, தக்க சிகிச்சை காலத்தில் கிடைக்காவிட்டால், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் இறந்துபோகிறது. நாய் தின்றால் வயிற்றைப் புரட்டிச் சிறிது வாந்தி எடுத்துவிட்டுத் தேறிவிடுகிறது. ஆகவே, பூனை வளர்க்கும் வீட்டார் தங்கள் தோட்டத்துப் பூவைக் காட்டி, இது விஷமா என்று கேட்கும்போது, மனிதர் உண்பதையோ, அண்டை வீட்டு நாய் தின்று பிழைத்ததையோ சாட்சியாகக் கொண்டு விடை சொல்வது பெரும் பிழையாகும். தாவரத்தின் ரசாயனம் ஒருபுறமும் அதை உட்கொண்ட பிராணியின் தேக அமைப்பு மறுபுறமுமாக நின்று, இரண்டும் கலக்கும் இடத்திலேதான் விஷம் என்பது பிறக்கிறது. இந்த உண்மையை லில்லியைப்போல் இத்தனை கொடூரமாக எடுத்துக்காட்டும் வேறொரு மலர் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

லிலியம் என்னும் பேரினத்தில் ஏறத்தாழ நூறு இனங்கள் உண்டு. ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களின் குளிர்ச்சி பொருந்திய பிரதேசங்களே இவற்றின் தாயகம். ஈஸ்டர் பண்டிகையின்போது மேல்நாட்டுத் தேவாலயங்களை அலங்கரிக்கும் தூய வெள்ளை லில்லி, ஜப்பானின் தென்கோடியிலுள்ள ரியூக்யூ தீவுகளிலும் தைவானிலும் தோன்றியது. செம்மஞ்சள் இதழ்களிற் கரும்புள்ளிகள் தெளித்தாற்போல் விளங்கும் டைகர் லில்லியும் கிழக்காசியாவைச் சேர்ந்ததே. நம் நீலகிரியிலும் பழனி மலையிலும் புல் மண்டிய சரிவுகளில், யாரும் நட்டு நீர் ஊற்றாமலே நீண்ட வெண்ணிறப் பூக்களோடு நறுமணம் வீசி நிற்கும் லில்லி ஒன்று உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் சென்னை ராஜதானியில் பணியாற்றிய தாவர சாஸ்திரி ராபர்ட் வைட் அதற்கு நீலகிரியின் பெயரையே சூட்டினார். எனினும் இன்று நம் நகரங்களில் மனிதரும் பூனையும் ஒருங்கே வாழும் அறைகளுக்குள் வந்து சேரும் லில்லி அந்த மலைப்பூ அன்று. நீலகிரி போன்ற குளிர்ந்த பிரதேசங்களிற் பசுமைக்குடில்களுக்குள் வளர்க்கப்பட்டு, கலியாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் பொக்கே என்னும் பூங்கொத்தாகக் கட்டப்பட்டு விற்பனைக்கு வரும் கலப்பின லில்லிகளே நம் மேசைமேல் இடம் பிடிக்கின்றன. பெரிய இதழ்கள், அறை முழுவதும் பரவும் வாசனை, நடுவிலே நீட்டிக்கொண்டு நிற்கும் காம்புகளின் நுனியிற் குங்குமப்பொடி அப்பியது போன்ற மகரந்தப் பைகள் ஆகியவற்றைக் கண்டு மகிழ்ந்து வாங்கிய அந்தக் கொத்திலே தோற்றத்துக்கும் குணத்துக்கும் உள்ள முரண்பாட்டை வாங்கியவர் அறிவதில்லை, விற்றவரும் சொல்வதில்லை.

இச்செடியில் விஷமற்ற பாகம் என்று ஒன்றும் இல்லை. இதழ், இலை, தண்டு, கிழங்கு, மகரந்தம் யாவும் பூனைக்குக் கேடு விளைவிப்பன. பூங்கொத்தை இட்டு வைத்த ஜாடியின் நீரைக் குடிப்பதும் அபாயமென்றே கால்நடை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். மகரந்தத்தின் விஷயத்தில் மற்றொரு வகையான ஆபத்தும் மறைந்திருக்கிறது. பூனை அந்தப் பூவைத் தின்ன வேண்டுமென்ற அவசியமே இல்லை; மேசை ஓரமாக உரசிக்கொண்டு நடந்தால் அதன் ரோமத்திலே மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். தன் உடலை நாள்தோறும் நாவால் நக்கிச் சுத்தம் செய்துகொள்வதைச் சுபாவமாகவே உடைய அப்பிராணி, அந்தத் தூசியையும் நக்கி விழுங்கிவிடுகிறது. துணியிற் கறை படியும் என்பதற்காகப் பூ வியாபாரிகள் மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிந்துவிடுவதும், மகரந்தமே உண்டாகாத அடுக்கு இதழ் லில்லிகளை இக்காலத்தில் வளர்த்து விற்பதும் உண்டு. அதனால் பூனைக்கு ஏற்படும் நன்மை மிகச் சொற்பம். இதழிலும் இலையிலும் உள்ள விஷம் அப்படியே இருக்கின்றதல்லவா?

விஷம் உட்சென்றபின் நிகழ்வதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் பூனைகள் பல உயிரிழப்பது விஷத்தின் வலிமையால் மட்டுமின்றி, அதன் போக்கை வீட்டார் அறியாமையாலும் ஆகும். தின்ற சில மணி நேரத்துக்குள் பூனை வாந்தி எடுக்கும், எச்சில் ஒழுகும், ஆகாரத்தை வெறுத்து ஒரு மூலையிற் சுருண்டு படுத்துவிடும். பூனை வாந்தி எடுப்பது அபூர்வமன்று ஆதலால் இதைப் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. பிறகு, ஏறக்குறைய அரை நாள் கழிந்ததும், வாந்தி நின்றுவிடும். பூனை தேறிவிட்டது என்று வீட்டார் ஆறுதல் அடையும் அந்த வேளையிலேதான் உள்ளே சிறுநீரகம் அழிந்துகொண்டிருக்கிறது. முதலில் சிறுநீர் மிகுதியாகப் போகும்; தாகம் மிகும்; உடலில் நீர் வற்றும். ஒன்று முதல் மூன்று நாளுக்குள் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்து, சிறுநீரே பிரியாத நிலை வந்து சேரும். வாந்தி மறுபடியும் தொடங்கும், இரத்தத்தில் கழிவுப்பொருள்கள் தேங்கும், பொட்டாசியம் ஏறும், இதயத்தின் நடை தடுமாறும். மூன்று நாள் முதல் ஏழு நாள் வரையிலான காலத்தில் மரணம் நேர்கிறது.

சிறுநீரகத்தினுள்ளே இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய முடிச்சுகளை அடுத்து, அவ்வாறு வடிந்த நீரிலிருந்து உப்பையும் சர்க்கரையையும் நீரின் பெரும்பகுதியையும் உடலுக்கென மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும் மெல்லிய குழாய்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. வறண்ட நிலத்து வனப்பூனையின் வழித்தோன்றலான வீட்டுப் பூனை, சிறிதளவு நீரைக்கொண்டே காலம் தள்ளும் பொருட்டு, சிறுநீரை மிகவும் செறிவாக்கி வெளியேற்றும் திறமை படைத்தது. அத்திறமையின் இருப்பிடம் இந்தக் குழாய்களே. லில்லியின் விஷம் தாக்குவது இவற்றின் உட்புறத்தில் வரிசையாக அமைந்த உயிரணுக்களையாகும். அவை மடிந்து உதிர்ந்து குழாய்க்குள்ளேயே அடைத்துக்கொள்கின்றன. ஆயினும், சுவரின் பூச்சு முழுவதும் உதிர்ந்தபின்பும் செங்கற்கட்டு நிற்பதுபோல, அவ்வணுக்களுக்கு அடியிலுள்ள மெல்லிய சவ்வு பெரும்பாலும் சிதையாமல் எஞ்சுகிறது என்பதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். அந்தச் சவ்வின்மேற் புதிய உயிரணுக்கள் மறுபடியும் வளர்ந்து படரக்கூடும். சிறுநீரகம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் அந்தக் காலம்வரை பூனையை உயிரோடு வைத்திருக்க முடியுமா என்பதே சிகிச்சையின் முழுப் பிரச்சினையும்.

இத்தகைய பயங்கர விஷம் மனிதருக்கு அறிமுகமாகி அதிக காலமாகவில்லை என்பது வியப்புக்குரியது. லில்லியை ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மனிதர் வளர்த்துவந்திருக்கின்றனர். பூனையோடு வாழ்ந்துவந்த காலமும் அதற்குக் குறைந்ததன்று. அப்படியிருந்தும் 1990-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலேதான், ஈஸ்டர் பருவத்திற் பூனைகள் சிறுநீரகம் பழுதுற்று இறப்பதை அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் கவனித்து, அவ்வீடுகளில் இருந்த வெள்ளை லில்லியோடு அம்மரணங்களைத் தொடர்புபடுத்தி எழுதத் தொடங்கினர். மலர் ஜாடி வீட்டின் உள்ளறைக்கு வந்ததும், பூனை வெளியே திரிவதை விட்டு அந்த அறைக்குள்ளேயே அடைந்து வாழத் தலைப்பட்டதும் ஏறக்குறைய ஒரே காலத்து மாறுதல்கள். வயலிலும் கூரையிலும் உலவிய பூனை எங்கோ சென்று இறந்தால் அதன் காரணத்தை யார் ஆராய்ந்திருக்கப் போகிறார்கள்? பிற்காலத்து ஆராய்ச்சிகள் இவ்விஷம் நீரிற் கரையக்கூடியது என்பதையும், இலையைக் காட்டிலும் பூவிலே அதன் வீரியம் மிகுதி என்பதையும், சிறுநீரகத்தோடு கணையத்தையும் அது தாக்கக்கூடும் என்பதையும் காட்டின. எனினும் அந்த ரசாயனப் பொருள் இன்னதென்று ஐயமறப் பிரித்தெடுத்துப் பெயரிடுவது இன்றுவரை கைகூடவில்லை. அதனால் இதற்கென்று தனி மாற்றுமருந்தும் கிடையாது.

பூனையை மட்டும் இது ஏன் தேர்ந்து கொல்கிறது என்ற வினா இயல்பாகவே எழும். இதற்கு முழுமையான விடை இல்லாவிடினும், பூனையின் தேக இயல்பிற் பொதுவாக உள்ள ஒரு விசேஷத்தை அறிந்துகொள்வது பயன் தரும். நாம் உண்ணும் காய், கீரை, கிழங்குகளில் எண்ணற்ற கசப்புப் பொருள்களும் நச்சுப் பொருள்களும் சிறிது சிறிதாகக் கலந்துள்ளன. அவற்றை நம் கல்லீரல், குளுகுரானிக் அமிலம் என்னும் பொருளோடு பிணைத்து, நீரிற் கரையும்படி மாற்றி, சிறுநீர் வழியாகவும் பித்தம் வழியாகவும் வெளியேற்றிவிடுகிறது. இப்பணியை நடத்தும் நொதிகளில் முக்கியமான ஒன்றைப் படைக்கும் மரபணு பூனையிடத்தில் பழுதுபட்டுப் பயனற்றுக் கிடக்கிறது. சிங்கம் முதலிய பூனைக் குடும்பத்து மிருகங்களிடத்தும் அப்படியே. மாமிசம் ஒன்றையே உணவாகக் கொண்டு பல லட்சம் ஆண்டுகள் வாழ்ந்த வம்சத்தில், தாவர விஷங்களை முறிக்கும் ஆற்றலுக்குத் தேவை குறைந்து, தேவை குறைந்த இடத்திற் பழுதும் தங்கிவிட்டது போலும். இனிப்பை உணரும் நாச்சுவைக்கான மரபணுவும் அவ்வாறே பூனையிடத்திற் செயலிழந்திருப்பதை 2005-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரைப் போக்கிவிடுவதும், நாயின் மேனியிலுள்ள உண்ணியைக் கொல்லத் தடவும் பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு வலிப்பை உண்டாக்குவதும் பூனையின் கல்லீரலுக்கு உள்ள இத்தகைய குறைபாட்டோடு தொடர்புடையன. லில்லியின் விஷமும் இவ்வழியேதான் செயற்படுகிறது என்று நிரூபணமாகவில்லை. ஆனால் நமக்கும் நாய்க்கும் பொருந்தும் அளவுகோல் பூனைக்குப் பொருந்தாது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை.

மாமிசம் உண்ணும் பிராணி இலையை ஏன் கடிக்க வேண்டும் என்று சிலர் ஐயுறலாம். புல்லைக் கடித்து மெல்லுவது நோயற்ற பூனைகளிடத்தும் சாதாரணமாகக் காணப்படும் செயல். இளம் பூனையோ அசையும் பொருள் எதையும் பிடித்துக் கடித்துப் பார்க்காமல் விடாது. ஜாடியின் விளிம்பிலிருந்து நீண்டு வளைந்து மின்விசிறிக் காற்றில் ஆடும் லில்லி இலை அதற்கு விளையாட்டுப் பொருளாகவே தோன்றுகிறது. தொட்டியிற் கோதுமையை விதைத்து முளைத்த இளம் புல்லைப் பூனைக்கென்று ஒதுக்கி வைப்பது நல்ல பழக்கம்.

லில்லி என்ற பெயரோடு விற்கப்படும் செடிகள் யாவும் இந்த இனத்தைச் சேர்ந்தவை அல்ல. சிறுநீரகத்தை அழிப்பவை லிலியமும் டே லில்லியும் மட்டுமே. வீட்டுக்குள் நிழலில் வளர்க்கும் பீஸ் லில்லியும், குழலைப்போலச் சுருண்ட வெள்ளைப் பூவுடைய காலா லில்லியும் சேம்பின் குடும்பத்தவை. அவற்றின் திசுக்களில், பச்சைச் சேப்பங்கிழங்கு தொண்டையை அரிப்பதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி ஊசியாக நிறைந்துள்ளன. கடித்த மாத்திரத்தில் வாய் எரிந்து எச்சில் ஒழுகுவதால் பூனை மேலும் தின்னாமல் விலகிவிடுகிறது. துன்பம் மிகுதியானாலும் பிராணாபாயம் அரிது. மணி பிளான்ட் என்று நாம் சொல்லும் கொடிக்கும் இதே குணம் உண்டு. மழை பெய்த மறுநாள் பூத்து நிற்கும் ரெயின் லில்லியின் குமிழ்க்கிழங்கில் லைகோரின் என்னும் பொருள் இருக்கிறது. அது வாந்தியை உண்டாக்கும்.

செங்காந்தளைப் பற்றித் தனியே சொல்லாமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டின் மாநில மலரும் ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலருமான இது, தாவர சாஸ்திர முறைப்படி லில்லிக்குத் தூரத்து உறவு. தாராபுரம், மூலனூர், வேதாரண்யம் முதலிய ஊர்ப்புறங்களிற் கண்வலிக்கிழங்கு என்ற பெயரால் விவசாயிகள் இதைப் பந்தலிட்டு வளர்ப்பது, மருந்துக் கம்பெனிகள் விலை கொடுத்து வாங்கும் அதன் விதைக்காகவே. விதையிலும் கிழங்கிலும் நிறைந்துள்ள கோல்சிசின் என்னும் பொருள், அளவறிந்து கொடுத்தால் கீல்வாதத்தில் ஒருவகையான கௌட் நோய்க்கு மருந்து. அளவு மீறினால் மனிதர், ஆடுமாடு, நாய், பூனை என்ற வேற்றுமையின்றி எல்லோருக்கும் எமன். உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதனுள்ளே இழைகளாகத் திரளும் புரதத்தைப் பற்றிக்கொண்டு, பிரியவொட்டாமல் தடுத்துவிடுவது இதன் தொழில். ஓயாது புதுப்பித்துக்கொள்ளும் குடலின் உட்பூச்சும் எலும்பு மஜ்ஜையும் ஆதலால் முதலிற் பாழாகின்றன. இரத்தம் கலந்த பேதி, மூச்சுத் திணறல், இரத்த அணுக்களின் வீழ்ச்சி எனப் படிப்படியாக உடல் நிலைகுலைகிறது. லில்லி பூனைக்கென்றே அமைந்த விஷம். செங்காந்தளோ பொது விஷம். இதைக் குழந்தைகள் உள்ள வீட்டிலும் கைக்கெட்டும் இடத்தில் வளர்க்கலாகாது.

நம் தோட்டங்களில் மற்றுமுள்ள பூச்செடிகளை விரைவாகப் பார்த்துவிடலாம். அரளியும் மஞ்சள் அரளியும் இதயத்தைத் தாக்கும் கடும் விஷங்கள். கசப்பு மிகுதியால் பூனை அதிகம் தின்னாதென்றாலும் சிறிதளவே போதுமானது. நித்தியகல்யாணியில் புற்றுநோய்க்கு மருந்தாகும் வீரியமிக்க ரசாயனங்கள் உள்ளன. அவை பூனைக்கு ஆகா. அழகுக்காக வைக்கும் சைக்கஸ் செடியின் விதை கல்லீரலை அழிக்கிறது. சாமந்தி வயிற்றுக் கோளாறும் தோலில் அரிப்பும் உண்டாக்கலாம். உயிருக்கு ஆபத்து நேர்வது அரிது. ரோஜா, மல்லிகை, நம் வீட்டுச் செம்பருத்தி, ஜினியா, ஜெர்பரா, சூரியகாந்தி ஆகியவற்றைப் பூனை உள்ள வீட்டிலும் அச்சமின்றி வளர்க்கலாம். ரோஜாவின் முள்ளும், எந்தச் செடியிலும் தெளித்த பூச்சிமருந்தும் வேறு விஷயம். பூங்கொத்து வேண்டுமென்று ஆசைப்படுவோருக்கு ரோஜாவும் ஜெர்பராவும் குறைவற்ற அழகைத் தருகின்றனவே!

பூனை லில்லியைத் தொட்டுவிட்டது என்ற சந்தேகம் எழுந்தால், அறிகுறிகள் தோன்றட்டும் என்று காத்திருப்பதுபோன்ற தவறு வேறில்லை. ரோமத்தில் மகரந்தம் ஒட்டியிருந்தால் அது நக்குவதற்குமுன் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கடித்த இலையையோ பூவையோ கையில் எடுத்துக்கொண்டு, உடனே கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். உப்பு நீரைப் புகட்டி வாந்தி எடுக்கச் செய்வது நம்மிடையே பரவியுள்ள பழக்கம். பூனைக்கு அந்த உப்பே தனியொரு விஷமாகிவிடும். பால் கொடுப்பதாலும் விஷம் முறியாது. மருத்துவர் தக்க ஊசியால் வாந்தி எடுக்கச் செய்வார். விஷத்தை உறிஞ்சிக்கொள்ளும் கரித்தூளை ஊட்டலாம். அதன்பின் இரண்டு அல்லது மூன்று நாள் இடைவிடாமல் நரம்பு வழியே திரவம் ஏற்றுவார். இரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவையும் வெளியேறும் சிறுநீரின் அளவையும் அடிக்கடி பார்த்துவருவதும் இச்சிகிச்சையின் அங்கமே. விஷம் உட்சென்ற 18 மணி நேரத்துக்குள் இச்சிகிச்சை தொடங்கிவிட்டால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துவிடுகின்றன. சிறுநீர் நின்றுபோனபின் தொடங்கினாலோ, டயாலிசிஸ் ஒன்றுதான் மிஞ்சும் வழி. பூனைக்கு அதைச் செய்யும் வசதி உலகத்திலேயே மிகச் சில இடங்களில்தான் உண்டு. இந்த 18 மணி நேரத்தின் பிற்பகுதி, வாந்தி நின்று பூனை தேறியதுபோல் கிடக்கும் அந்தப் பொய்யான இடைவேளையிலே கழிந்துவிடுகிறது என்பதை நினைக்கும்போது, அறியாமை எத்தனை உயிர்களைக் கொண்டுபோயிருக்கும் என்று நெஞ்சம் பதறுகிறது.

பூனை உள்ள வீட்டில் லில்லியை உயரத்தில் வைக்கலாமா, கதவடைத்த அறையில் வைக்கலாமா என்று யோசிப்பதற்கு இடமே இல்லை. பூனை ஏறாத உயரமும் இல்லை, என்றும் மூடியே இருக்கும் கதவும் இல்லை. அம்மலர் அவ்வீட்டுக்குள் வரவே கூடாது. ஒரு வீட்டுக்குப் பூங்கொத்து அனுப்ப விரும்பும் அன்பர்கள், அங்கே பூனை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு அனுப்ப வேண்டும். லில்லியைக் கட்டி விற்கும் கடைக்காரர்கள், இது பூனைக்கு ஆகாது என்று தமிழில் அச்சிட்ட சிறு சீட்டொன்றை ஒவ்வொரு கொத்தோடும் இணைத்துத் தர வேண்டும் என்று அவர்களை மிகவும் வேண்டிக்கொள்கிறேன்.